பறவைக்கு எண்ணத் தெரியாது

கோக்-ஜார்,
2002 மே 9

அன்புள்ள தம்பி மெதேருக்கு,

அக்கா ஜிபார் எழுதுகிறேன். நாங்கள் நலம், ஆடுகள் நலம், குதிரைக்கு மட்டும் ஒரு கால் கொஞ்சம் நொண்டுகிறது. நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். நீ எழுதினால்தானே தெரியும்? தூராரின் வேனில், நானே தயிரை உருட்டிக் காயவைத்த குருத் ஒரு பை கொடுத்தனுப்பியிருந்தேன். வந்து சேர்ந்ததா, இல்லை தோலோன் கணவாய் ஏறி இறங்குவதற்குள் அவனே மென்று தீர்த்துவிட்டானா? கேட்டால், "அக்கா, உங்க தம்பி கையிலதான் குடுத்தேன், அவரு வாயில போட்டத என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்று சத்தியம் செய்கிறான். சத்தியம் செய்கிறவனை நான் நம்புவதில்லை.

உனக்கு இரண்டு செய்தி வைத்திருக்கிறேன். எனக்கு இப்போது ஐந்து மாதம். வெளியே யாருக்கும் சொல்லவில்லை. முதல் இரண்டும் தங்காமல் போனபிறகு வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? அப்பா அம்மா போனபின் பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது நீ ஒருவன்தான். உன் மச்சான் எசென் என்னைத் தண்ணீர் தூக்க விடுவதில்லை. "வாளியத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்" என்கிறார். ஈயை விரட்டக்கூடக் கை ஓங்காத மனிதர்!

இரண்டாவது செய்தி உனக்கென்றே வந்தது. நம் குளிர்காலப் பட்டிக்குப் பின்னால் இருக்கும் பாறையில் கொம்பன் ஆந்தை முட்டையிட்டிருக்கிறது. பாறை விளிம்பில் முள்ரோஜாப் புதர் ஒன்று அடர்ந்து கிடக்கிறதே, அதற்குப் பின்னால். நாள் முழுக்க அங்கே வெயில் படாது, கீழிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, கெட்டிக்காரி. எசென் எதிர்ப்பாறையில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "அவ நம்மள ஏற்கெனவே பார்த்துட்டா, நாமதான் இன்னிக்குப் பார்த்தோம்" என்றார்.

குஞ்சுகள் வளர்ந்து போனபிறகு அந்த இடத்தில் உதிர்ந்து கிடக்கும் இறகை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தொட்டிலில் கட்ட, ஆந்தை இறகு பிள்ளையைக் காக்கும் என்பார்களே. சந்தையில் விற்கிற இறகு எனக்கு வேண்டாம், அது கொன்று பிடுங்கியது. உனக்கு அம்மை கண்டபோது அம்மா உன் தொப்பியில் தைத்தது உதிர்ந்த இறகுதான். அதை இன்னும் காமிராப் பையில்தானே வைத்திருக்கிறாய்?

வா. ஆந்தையைப் படம் எடு, அக்காவையும் பார்.

உன் அக்கா,
ஜிபார்


பிஷ்கெக்,
2002 மே 20

என் அன்பு அக்காவுக்கு,

கடிதத்தை வேன் நிலையத்திலேயே நின்று படித்தேன். சந்தோஷத்தில் தூராரைக் கட்டிப்பிடித்தேன். அவன் பயந்துபோய், "அண்ணே, குருத் ரெண்டே ரெண்டுதான் எடுத்தேன்" என்று ஒப்புக்கொண்டுவிட்டான்.

ஐந்து மாதமா! நான் தாய்மாமன் ஆகப்போகிறேன். இந்த முறை தங்கும் அக்கா, மனதில் வேறெதையும் வைத்துக்கொள்ளாதே. பிள்ளை பிறந்ததும் முதல் படம் நான்தான் எடுப்பேன்.

ஆந்தை விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வருடமாகப் பத்திரிகைக்குப் படம் எடுக்கிறேன், கூட்டம், திறப்புவிழா, மறுபடி கூட்டம். கழுகும் எடுத்திருக்கிறேன், வேட்டைக்காரர் கையுறையில் உட்கார்ந்த கழுகு, காலில் தோல்வார் கட்டியது. அதைப் பெரிதாக்கிக் கொண்டுபோய் ஆசிரியரிடம் காட்டினால், "தம்பி, இது பறவை இல்ல, உத்தியோகஸ்தன்" என்கிறார். அறையே சிரித்தது. இலையுதிர் காலத்தில் ஒரு கண்காட்சி வருகிறது. காட்டுப் பறவையை, அதன் கண்ணில் நான் ஒளிந்திருக்கும் கூடாரம் தெரிகிற தூரத்தில் நின்று எடுத்தால் போதும், பிறகு யாரும் என்னைக் கூட்டத்துக்கு அனுப்ப மாட்டார்கள். எனக்கு முப்பத்தொன்று ஆகிறது அக்கா. இது இல்லையென்றால் இனி இல்லை.

முறைப்படி மறைவுக் கூடாரத்தைத் தூரத்தில் போட்டு, நாளுக்குச் சில அடியாகப் பத்து நாளில் நெருங்க வேண்டும். எனக்கு நாலு நாள்தான் லீவு. அதனால் மச்சான் ஒரு உதவி செய்ய வேண்டும். தினமும் காலையில் என்னோடு கூடாரம் வரை வந்து, நான் உள்ளே போனதும் அவர் தனியாகச் சத்தமாகப் பேசிக்கொண்டே திரும்பி இறங்க வேண்டும். பறவைக்கு எண்ணத் தெரியாது. இரண்டு பேர் வந்து ஒருவர் போனால், எல்லாரும் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளும். உலகமெங்கும் இப்படித்தான் செய்கிறார்கள்.

ஜூன் நாலாம் தேதி வருகிறேன்.

உன் தம்பி,
மெதேர்


கோக்-ஜார்,
2002 ஜூன் 8

அன்புள்ள மெதேர்,

நேற்றுத்தான் போனாய், அதற்குள் கடிதமா என்று நினைக்காதே. நீ பிளாஸ்க்கை மறந்துவிட்டுப் போனாய், அதோடு இதையும் தூராரின் மாப்பிள்ளை கையில் அனுப்புகிறேன். அது என்ன ஓட்டம்! தூரார் இரண்டு முறை ஹாரன் அடித்ததற்குப் பாறையிலிருந்து உருண்டு வந்தாய், கையெல்லாம் முள் கீறல், ஒரு ஷூவில் லேஸ் இல்லை. எங்கேடா என்றால் "அறுந்துபோச்சு" என்றாய். என் கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு தலைநகருக்குப் போன பத்திரிகைக்காரன் நீ ஒருவனாகத்தான் இருப்பாய்.

உன் மச்சானுக்கு மூன்று நாளும் பாறையிலிருந்து தனியாகப் பேசிக்கொண்டே இறங்கிய வெட்கம் இன்னும் போகவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்கிறார்களாம். "என்ன பேசிட்டு வந்தீங்க?" என்றேன். "உன்னத்தான் திட்டிட்டு வந்தேன், வேற யாரத் திட்ட எனக்குத் தைரியம் இருக்கு" என்றார். கடைசி நாள் உன்னைக் கூட்டிவர வருகிறேன் என்றாராமே, நீ வேண்டாம் என்றுவிட்டாயாமே. வந்திருந்தால் பையையாவது தூக்கியிருப்பார்.

வேறு செய்தி இல்லை. இன்று காலை நம் ஆடுகள் பாறைக்கடியில் நின்று முள்ரோஜாக் கிளையை மென்றுகொண்டிருந்தன, விரட்டிவிட்டேன். பிள்ளை உதைக்கிறது.

உன் அக்கா,
ஜிபார்


பிஷ்கெக்,
2002 ஜூன் 12

அன்பு அக்கா,

பிளாஸ்க் வந்தது. உள்ளே நீ ஊற்றி வைத்திருந்த டீயும் வந்தது, புளித்துப்போய்.

பிலிமைக் கழுவிவிட்டேன். முதல் இரண்டு நாளும் எடுத்ததில் உருப்படியாக ஒன்றுமில்லை. கடைசி நாள் பிற்பகலில் எடுத்ததில் ஒன்று இருக்கிறது. ஒன்று போதும். தாய் நேராக என்னைப் பார்க்கிறது, இரண்டு குஞ்சும் அதன் நெஞ்சோடு ஒட்டி நிற்கின்றன. இருட்டறையில் அந்த முகம் காகிதத்தில் எழும்பி வந்தபோது விளக்கைப் போடாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

அந்த இடத்தில் ஒரு இலையைக்கூட நான் கலைக்கவில்லை, மச்சானிடம் சொல். போனது தெரியாமல் போய், வந்தது தெரியாமல் வந்தேன்.

குஞ்சுகள் எப்படி இருக்கின்றன?

உன் தம்பி,
மெதேர்


கோக்-ஜார்,
2002 ஜூன் 20

மெதேர்,

குஞ்சுகள் இறந்துவிட்டன.

நீ போன மூன்றாம் நாள் பாறையைச் சுற்றிக் காக்கைகளும் மேக்பைப் பறவைகளும் கத்திக்கொண்டே இருந்தன. ஆந்தை வெளியே வந்து எதிர்ப்பாறையில் பட்டப்பகலில் உட்கார்ந்திருந்தது. என்னவோ தப்பு என்று எசென் ஏறிப் போனார். ரொம்ப நேரம் கழித்து இறங்கி வந்தார். ஒன்று வெயிலில் காய்ந்து கிடந்ததாம், இன்னொன்றைக் காக்கை பாதி தின்றிருந்ததாம். இரண்டையும் கல்லுக்கடியில் வைத்து மூடிவிட்டு வந்திருக்கிறார்.

புதரில் பாதி இல்லை. முற்றத்திலிருந்தே எனக்குத் தெரிகிறது, விளிம்பு மொட்டையாக இருக்கிறது. ஆடுகள் ரோஜாக் கிளை தின்றதை நானே பார்த்தேன் என்று உனக்கு எழுதியிருந்தேனே. ஆட்டைப் பாறைப் பக்கம் விடாதீங்க என்று வசந்தத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்க ஆடுங்க என் புள்ளத் தொட்டிலையே மேஞ்சிருச்சு" என்று கத்திவிட்டேன். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம், "ஆமா, ஆடுதான். என் தப்புதான்" என்றார். தப்பு என்று ஒப்புக்கொள்கிறவரிடம் மேற்கொண்டு என்ன சண்டை போடுவது? அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

ஆந்தை போய்விட்டது. வீட்டுக்கு மேலே குடியிருந்தது குஞ்சைப் பறிகொடுத்துவிட்டுப் போனால் அந்த வீட்டிலும் பிள்ளை தங்காது என்பார்கள், உனக்குத் தெரியும். நான் அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் சோறு இறங்கவில்லை. எசெனோடு நான் பேசி பத்து நாள் ஆகிறது.

நீ நகரத்தில் படித்தவன். இது சும்மா பறவைதான், பயப்படாதே என்று நீயாவது எழுது.

ஜிபார்


பிஷ்கெக்,
2002 ஜூலை 17

அன்பு அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நடுவில் இரண்டு மூன்று முறை எழுதத் தொடங்கினேன், ஆபீஸ் வேலை வந்துவிட்டது.

இது சும்மா பறவைதான், பயப்படாதே. மலையில் குஞ்சுகள் பாதிக்குப் பாதி இப்படித்தான் போகும், புத்தகத்திலேயே இருக்கிறது. யார்மேலும் பழி போட வேண்டாம். ஆட்டின் மேலும் வேண்டாம்.

இதோடு என் தொப்பி இறகை வைத்திருக்கிறேன். அம்மா தைத்தது, உதிர்ந்த இறகு, கொன்றது இல்லை. முப்பது வருடம் என்னைக் காத்தது என் மருமகனையும் காக்கட்டும். தொட்டிலில் கட்டு. வேளாவேளைக்குச் சாப்பிடு. மச்சானோடு பேசு அக்கா, பாவம் அவர்.

உன் தம்பி,
மெதேர்


கோக்-ஜார்,
2002 அக்டோபர் 2

அன்புள்ள தம்பிக்கு,

செப்டம்பர் ஆறாம் தேதி ஆண் குழந்தை பிறந்தது. உனக்குத் தந்தி கொடுக்கலாம் என்று எசென் சொன்னார், நாற்பது நாள் போகட்டும் என்று நான்தான் தடுத்தேன். துர்சுன் என்று பெயர் வைத்தோம், நிலைத்திருக்கட்டும் என்று. ஒன்பது நாள் இருந்தான்.

நுரையீரல் முழுதாக விரியவில்லை என்று நர்ஸ் ராயா சொன்னாள். நாரின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கிளம்பினோம், ஊர் எல்லை தாண்டவில்லை. உன் நெற்றி அவனுக்கு. உன் இறகு தொட்டிலின் தலைமாட்டில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கையை ஆட்டுவான்.

ஆண்கள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள். திரும்பி வந்த எசெனிடம் நான் ஒன்று சொன்னேன். "நீங்க இருக்குற வீட்டுல எதுவும் தங்காது." இதை உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். சொல்லிவிட்டேன், திருப்பி எடுக்கவில்லை. அவர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டார். மறுவாரம் ஆடுகளை எல்லாம் பக்கத்து வீட்டுக்கு ஓட்டிவிட்டார். கட்டட வேலைக்கு ரஷ்யாவுக்கு ஆள் எடுக்கிறார்களாம், நேற்று அவர்களோடு போய்விட்டார். போகும்போது விறகை எல்லாம் பிளந்து அடுக்கிவிட்டுத்தான் போனார், வசந்தம் வரை காணும். நான் தடுக்கவில்லை.

நாற்பதாம் நாளுக்கு வா. பிறந்த வீட்டிலிருந்து ஒருவராவது என் பக்கத்தில் உட்கார வேண்டும்.

உன் அக்கா,
ஜிபார்


பிஷ்கெக்,
2002 நவம்பர் 5

அன்பு அக்கா,

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நாற்பதாம் நாளுக்கு வராமல் இருந்துவிட்டேன். கணவாயில் பனி என்றார்கள், இங்கே ஒரு கண்காட்சி வேலையும் இழுத்துவிட்டது. இரண்டும் சாக்குத்தான் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள்.

மச்சான் போனது ஒருவகையில் நல்லதுக்குத்தான். கொஞ்ச நாள் பிரிந்திருந்தால் இரண்டு பேருக்கும் மனது ஆறும்.

குளிரில் வெளியே நிற்காதே. மாத்திரையும் தேயிலையும் அனுப்பியிருக்கிறேன்.

மெதேர்


கோக்-ஜார்,
2003 மார்ச் 16

மெதேர்,

முதுகுவலிக்கு ஊசி போட மருத்துவ நிலையத்துக்குப் போயிருந்தேன். சுவரில் புதுக் காலண்டர் தொங்கியது. ராயா ஓடிவந்து, "அக்கா, உங்க தம்பி பேரு அச்சுல வந்திருக்கு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!" என்று மே மாதத்தைத் திருப்பிக் காட்டினாள். கண்காட்சியில் முதல் பரிசு என்று கீழே போட்டிருக்கிறது. எனக்கு நீ எழுதவே இல்லை.

நல்ல படம். பொய் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு இறகும் எண்ணலாம் போல இருக்கிறது. தாயின் கண்ணுக்குள் சின்னதாக உன் கூடாரம்கூடத் தெரிகிறது. இரண்டு குஞ்சு மேலும் மஞ்சள் வெயில்.

ராயா பேசிக்கொண்டே இருந்தாள். நான் அந்த வெயிலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினொரு வருடமாக அந்தப் பாறையைப் பார்த்துப் பால் கறக்கிறேன். பிற்பகலில் அந்த விளிம்பில் வெயில் படாது. புதர் மறைத்துக்கொண்டிருக்கும், அதற்காகத்தானே அது அங்கே முட்டையிட்டது. படத்தின் ஓரத்தில், தாயின் இறக்கைக்குப் பக்கத்தில், மூன்று வெள்ளை முனைகள். சாய்வாக வெட்டியவை. ஆடு கடித்தால் நார் நாராகத் தொங்கும் மெதேர். கத்திதான் அப்படி வெட்டும். ஆடு வந்தது நீ போன மறுநாள், கீழே நீ எறிந்ததைத் தின்ன.

வீட்டுக்கு வந்து, வாழ்க்கையில் முதல் முறையாகப் பாறையில் ஏறினேன். பனி உருகி வழுக்குகிறது. தவழ்ந்துதான் போனேன். ஏழு கிளை, எல்லாம் கத்தி வெட்டு, கறுத்துப்போயிருக்கிறது. எசென் வைத்த இரண்டு சின்னக் கற்குவியலும் இருக்கிறது.

மறுநாள் தபால் நிலையத்துக்குப் போய் எசென் தங்கியிருக்கும் கொட்டகைக்குப் போன் போடச் சொன்னேன். ஆறு மாதத்தில் முதல் முறை. "புதர வெட்டுனது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"இப்ப எதுக்கு அது?"

"தெரியுமா, தெரியாதா?"

"அன்னிக்கே தெரியும் ஜிபார். ரெண்டு கிளைய வளைச்சு ஷூ லேஸால கட்டி வெச்சிருந்தான். அவுத்து எடுத்துட்டு வந்தேன். என் பழைய கோட்டுப் பையில பாரு."

"ஏன் சொல்லல? நான் அத்தன பேசினேனே, ஏன் சொல்லல?"

"உனக்குப் பொறந்த வீடுன்னு இருக்குறது அவன் ஒருத்தன். வயித்துல புள்ளய வெச்சிக்கிட்டு அதையும் இழந்துட்டு நிப்பியா? ஆட்டு மேல போட்டா ஆடு என்ன, அழுதுட்டா இருக்கப்போகுது? அவனே சொல்லுவான்னு இருந்தேன்."

அவனே சொல்லுவான் என்று இருந்தாராம். ஒன்பது மாதம்.

கோட்டுப் பையில் இருந்தது. பழுப்பு லேஸ், இரண்டு முடிச்சு. இப்போது மேசை மேல் கிடக்கிறது.

பிள்ளை போனதை நான் உன்மேல் போட மாட்டேன். அது நுரையீரல், ராயா தெளிவாகச் சொல்லிவிட்டாள். குஞ்சுகளைக்கூடப் போட மாட்டேன். ஆசையில் செய்தாய், தெரியாமல் செய்தாய் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஆடு என்று நான் எழுதியதை நீ படித்தாய். உன் மச்சானோடு பேசவில்லை என்று எழுதியதைப் படித்தாய். "நீங்க இருக்குற வீட்டுல எதுவும் தங்காது" என்று நான் சொன்னதைப் படித்தாய். படித்துவிட்டு, மச்சான் போனது நல்லதுக்குத்தான் என்று எனக்குப் பதில் எழுதினாய்.

பறவைக்கு எண்ணத் தெரியாது என்று சொன்னாய். எனக்குத் தெரியும். படம் எடுத்துக்கொண்டு போனபிறகு நீ எழுதிய கடிதம் மூன்று. மூன்றையும் எடுத்து வைத்து எண்ணிப் பார்த்தேன்.

ஜிபார்


பிஷ்கெக்,
2003 ஏப்ரல் 14

என் அக்காவுக்கு,

நீ படிப்பாயோ, அடுப்பில் போடுவாயோ, எப்படியும் எழுதிவிடுகிறேன்.

முதல் இரண்டு நாளும் ஒவ்வொரு படத்திலும் ஒரு முள்கிளை ஆந்தையின் முகத்துக்குக் குறுக்கே விழுந்தது. அத்தனை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அதன் மூச்சில் தொண்டை இறகு அசைவதுகூடத் தெரிகிறது, ஆனால் கண்ணின் மேல் ஒரு கிளை. மூன்றாம் நாள் மச்சானைப் பிற்பகலில் வர வேண்டாம் என்று சொன்னபோதே என் மனதில் இருந்தது. அவர் இருந்தால் விட்டிருக்க மாட்டார். தாய் எதிர்ப்பாறைக்குப் பறந்த நேரம் பார்த்து வெளியே வந்தேன். முதலில் இரண்டு கிளையை வளைத்துக் கட்டினேன், படம் முடிந்ததும் அவிழ்த்துவிடலாம் என்று. அது போதவில்லை. ஒன்றை வெட்டினேன். அப்புறம் இன்னொன்று. ஏழு என்று நீ எழுதித்தான் எனக்கே தெரியும். வெயில் கதவு திறந்தது போல உள்ளே விழுந்தது. குஞ்சுகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டன, அதைக்கூட அழகு என்று நினைத்தேன். தாய் திரும்பி வந்து அவற்றின் முன்னால் நின்றது. படத்தில் அது என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாக எல்லாரும் சொல்கிறார்கள். அது வெயிலை மறைத்துக்கொண்டு நிற்கிறது அக்கா. பரிசு கொடுத்தவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

தூராரின் ஹாரன் கேட்டு ஓடினேன். லேஸை அவிழ்க்கவில்லை. அவிழ்த்திருந்தாலும் வெட்டியது வெட்டியதுதான்.

அதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குஞ்சுகள் இறந்த கடிதம் வந்தபோது, முதல் வரியிலேயே என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் ஆடு என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு வந்தது நிம்மதி. உன்னிடம் எதை மறைத்தாலும் அதை இனி மறைக்க மாட்டேன். மூன்று முறை உண்மையை எழுதிக் கிழித்தேன், நாலாவது முறை இறகை வைத்து அனுப்பினேன். இறகு அனுப்பினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மச்சானுக்கும் எழுதியிருக்கிறேன். அவர் பதில் போட வேண்டாம். படத்தின் நெகட்டிவைக் கொளுத்திவிட்டேன். அதனால் யாருக்கு என்ன லாபம் என்று நீ கேட்பாய், ஒன்றுமில்லைதான். பத்திரிகையில் இப்போது என்னைக் கூட்டத்துக்கு அனுப்புவதில்லை, பறவை எடுக்கச் சொல்கிறார்கள். போவதற்குக் கால் வரவில்லை.

மே மாதம் வருகிறது. பாறையில் ஆந்தை வந்திருக்கிறதா? காமிரா இல்லாமல் வருகிறேன். நீ அனுமதித்தால் ஒரே ஒரு நாள். பட்டியைப் பழுது பார்த்துக் கொடுக்கிறேன், விறகு பிளக்கிறேன், பேசாமல் இருந்துவிட்டுப் போகிறேன். எனக்கும் பிறந்த வீடு என்று இருப்பது நீ ஒருத்திதான்.

உன் தம்பி,
மெதேர்


கோக்-ஜார்,
2003 மே 11

மெதேருக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன், அடுப்பில் போடவில்லை. நான் நலம். குதிரை நலம்.

எசெனோடு மறுபடி பேசினேன். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், அன்று கதவோரம் அவரை நிற்க வைத்துச் சொன்னதற்கு. தபால்காரம்மா கண்ணாடியைத் தட்டி நேரமாச்சு என்று சைகை காட்டினாள். லைன் போய்விட்டது என்றே நினைத்தேன். அப்புறம், "குதிரைக்குக் கால் சரியாயிருச்சா?" என்று கேட்டார். "ஆயிருச்சு" என்றேன். "சரி" என்றார். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் அடுக்கிவைத்த விறகு போன வாரம் தீர்ந்தது. கடைசிக் கட்டையை மட்டும் எரிக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன், ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

இறகை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அம்மா அதை உனக்காகத் தைத்தாள், உன்னிடமே இருக்கட்டும்.

நீ வர வேண்டாம். வந்தால் உள்ளே கூப்பிடுவேன், டீ ஊற்றுவேன், ரொட்டியைப் பிட்டு உன் முன்னால் வைப்பேன், வந்தவரை வாசலில் நிறுத்த எனக்கு வராது. தட்டை எடுக்கும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அதனால்தான் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிர்காலத்தில் நல்ல ஷூ போடு.

ஆந்தை வந்திருக்கிறதா என்று கேட்டிருந்தாய். வந்திருக்கிறது. எங்கே என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

ஜிபார்